துணையின் நோயும் தொழிலாளர் சட்டமும்

1958 ஆம் ஆண்டின் 15 ஆம் இலக்க ஊழியர் சேமலாப நிதிச் சட்டம் தொழிலாளி தன் சேமிப்பை எப்பொழுது மீளப் பெறலாம் என்பதை வரையறுத்துள்ளது. ஆணாயின் 55 வயதிலும் பெண்ணாயின் 50 வயதிலும் பெறலாம். வேலை செய்ய முடியாதவாறு நிரந்தரமாக உடல் தளர்ந்தோரும், நாட்டை விட்டு நிரந்தரமாகக் குடிபெயர்வோரும், ஓய்வூதியமுள்ள அரச பதவிக்குச் செல்வோரும் அவ்வயதுக்கு முன்னரே பெறலாம். இவற்றோடு இன்னொரு விலக்கும் உண்டு. திருமணத்தின் பொருட்டு வேலையை விட்டு விலகும் பெண்ணும் வயது வரம்பின்றித் தன் பணத்தைப் பெற்றுக்கொள்ளலாம்.

இவ்விலக்கை ஆக்கியோர் பெண்ணுக்கு நன்மை செய்யவே எண்ணினர் எனக் கொள்வோம். ஆயினும் அதன் உட்பொருள் நோக்கத்தக்கது. மனைவியாவதற்காக வேலையைத் துறப்பவளைச் சட்டம் அறியும். மனைவியாக இருந்து, பாரிசவாதத்தில் விழுந்த கணவனைத் தூக்கி இருத்தவும் உணவூட்டவும் வேறு எவருமில்லாமையால் நாற்பதாவது வயதில் வேலையைத் துறப்பவளைச் சட்டம் அறியாது. அவள் தன் சொந்தச் சேமிப்புக்காகப் பத்தாண்டுகள் காத்திருத்தல் வேண்டும். மனைவியின் புற்றுநோய்ச் சிகிச்சைக்காக மகரகமைக்கும் வீட்டுக்குமாக அலையும் கணவன் அதே வயதினனாயின் பதினைந்து ஆண்டுகள் காத்திருத்தல் வேண்டும். 2012 ஆம் ஆண்டின் திருத்தம் வீடமைப்புக்கும் மருத்துவத் தேவைக்குமாக நிதியின் 30 சதவீதம் வரை முன்கூட்டிப் பெற வழி செய்தது. அது வைத்தியச் செலவுக்கான வழியேயன்றி, நின்றுபோன சம்பளத்துக்கான ஈடு அன்று.

இக்குறை ஒரு சட்டத்தோடு நின்றுவிடுவதன்று. 1954 ஆம் ஆண்டின் கடை, காரியாலய ஊழியர் சட்டம் ஆண்டுக்கு ஏழு நாள் அமைய விடுமுறை தருகின்றது. சொந்த அலுவல், சுகவீனம், நியாயமான பிற காரணம் ஆகிய அனைத்தும் அந்த ஏழு நாளுக்குள் அடங்கவேண்டும். கிழமையில் இரண்டு முறையோ மூன்று முறையோ குருதிச் சுத்திகரிப்புச் செய்துகொள்ள வேண்டிய நோயாளியோடு செல்பவருக்கு அந்த ஏழு நாளும் ஒரு மாதத்துக்குள் கரைந்துவிடும். தோட்டத் தொழிலாளியின் நிலை இதனினும் கொடிது. வேலைக்குச் செல்லாத நாளுக்குச் சம்பளம் இல்லை என்னும் ஒரே விதியே அங்கு ஆள்கின்றது. பல்கலைக்கழக ஆசிரியர் தம் அறிவைப் புதுப்பித்துக்கொள்ள ஊதியத்தோடு கூடிய நீண்ட விடுப்புப் பெறும் நாட்டில், நோயுற்ற துணையின் கட்டிலருகே இருக்க ஒரு திங்கள் விடுப்புத்தானும் உரிமையாக இல்லை என்பது அவ்வாசிரியர்களேனும் சிந்திக்க வேண்டியதொன்று.

பணிக்கொடை இருக்கின்றதே எனச் சிலர் கூறுவர். 1983 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கச் சட்டத்தின்படி, ஐந்தாண்டுச் சேவையை நிறைவு செய்த மாதச் சம்பளக்காரர் ஒவ்வோராண்டுக்கும் அரை மாதச் சம்பளம் பெறுவார் என்பது மெய்யே. எட்டாண்டு உழைத்தவர் பெறுவது நான்கு மாதச் சம்பளம். பாரிசவாதம் நான்கு மாதத்தில் விடைபெற்றுச் செல்லும் நோயன்று. நான்காண்டு உழைத்தவருக்கு அதுவும் இல்லை.

நோயாளிக்கு நேரடியாக வழங்கப்படும் உதவியைப் பற்றியும் ஒரு சொல் கூறவேண்டும். 2023 இல் தொடங்கிய அஸ்வெசும திட்டம் சிறுநீரக நோயாளருக்கும் மாற்றுத்திறனாளருக்கும் தனியாகக் கொடுப்பனவு வழங்க முற்பட்டது. அது வரவேற்கத்தக்கதே. ஆயினும் அத்தொகை நோயின் பெயரால் வருகின்றது. அந்நோயினால் வேலையிழந்த மற்றவரை அது கணக்கிற் கொள்ளவில்லை. ஒரு வீட்டில் இரு சம்பளமும் ஒருங்கே நின்றுபோவதை அறியும் கண் எந்தத் திட்டத்துக்கும் இல்லை.

இக்குருட்டுத்தனம் இலங்கைக்கு மட்டும் உரியதன்று. சர்வதேசத் தொழில் தாபனம் 1952 இல் நிறைவேற்றிய 102 ஆம் இலக்கச் சமவாயம் சமூகப் பாதுகாப்புக்குரிய ஒன்பது நிலைமைகளை வகுத்தது. முதுமை, பேறுகாலம், வேலையின்மை, தொழிற்காயம் முதலியன அவற்றுள் அடங்கும். தன் உடல் நலமாயிருக்க, துணையின் நோயினால் ஊதியம் இழத்தல் அவற்றுள் இல்லை. தொழிலாளியை வீடும் உறவுமற்ற தனியுடலாகக் கண்ட நோக்கின் விளைவு இது. அவ்வுடல் முறிந்தால் ஈடு உண்டு. அவ்வுடலுக்கு அருகே மற்றோர் உடல் முறிந்தால் ஈடில்லை.

இந்நோக்கை முதலில் உடைத்த நாடுகளுள் பிரித்தானியா ஒன்று. ஊனமுற்றோரைப் பராமரிப்பதற்காக வேலையைத் துறந்தோருக்கு 1976 இல் அங்கு ஒரு கொடுப்பனவு ஏற்படுத்தப்பட்டது. ஆனால் கணவனோடு வாழும் மணமான பெண்களுக்கு அது மறுக்கப்பட்டது. அவர்கள் எவ்வாறாயினும் வீட்டிலிருக்கக் கூடியவர்களே என்பது சொல்லப்பட்ட நியாயம். பராமரிப்போருள் மிகப் பெரும்பகுதியினரை வாயிலிலேயே நிறுத்திவிட்டுப் பராமரிப்போருக்கு உதவி எனப் பெயர் சூட்டியது அவ்வரசு! தாயைப் பராமரிப்பதற்காக 1984 இல் வேலையை விட்ட ஜாக்குலின் டிரேக் என்னும் பெண் தொடுத்த வழக்கு ஐரோப்பிய நீதிமன்றம் வரை சென்றது. 1986 யூனில் தீர்ப்பு அவர் பக்கம் அமைந்தது. தோல்வி உறுதியென உணர்ந்த அரசு, தீர்ப்பு வெளிவரும் தறுவாயிலேயே மணமான பெண்களுக்கும் அதனை விரிக்க இணங்கியது.

பிரித்தானிய முறையை அப்படியே இறக்குமதி செய்தல் வேண்டும் என்பதன்று வாதம். வாரம் 35 மணித்தியாலம் பராமரிப்போருக்கே அங்கு அவ்வுதவி உண்டு. பகுதிநேர வேலையால் வரும் வருமானம் வரம்பை ஒரு பவுண் தாண்டினாலும் அவ்வாரத்துக்குரிய உதவி முழுவதும் அற்றுப்போகும் என்னும் விதி பலரைக் கடனாளிகளாக்கிற்று. முழுநேர மாணவருக்கும் அது கிடையாது. 1995 இல் பராமரிப்புக் காப்புறுதியைத் தொடங்கிய ஜேர்மனி இதனினும் அறிவுடைய வழியைக் கண்டது. அங்கு குடும்பத்தவரைப் பராமரிப்பதற்காக வேலையைக் குறைத்துக்கொண்டவரின் ஓய்வூதியக் கணக்குக்கு அக்காப்புறுதியே பங்களிப்புச் செலுத்துகின்றது. பராமரித்த ஆண்டுகள் முதுமையில் வெற்றிடமாகத் தோன்றுவதில்லை.

இனி, எதிர்ப்பாளர் கூற்றுக்கு வருவோம். கணவனுக்கு மனைவியும் மனைவிக்குக் கணவனும் செய்யும் பணிவிடைக்குக் கூலி பேசுதல் பண்பாட்டுக்கு இழுக்கு என்பர். தொழுநோயுற்ற கணவனைக் கூடையிற் சுமந்த நளாயினியைச் சான்றுக்கு அழைப்பர். நளாயினி வீட்டு வாடகை செலுத்தியதாகவோ பிள்ளையின் பாடசாலைச் செலவுக்குக் கடன் பட்டதாகவோ கதை கூறவில்லை. மனைவியைக் கூடையிற் சுமந்த கணவனின் கதை ஒன்று ஏன் அவ்வளவு புகழ்பெறவில்லை என்பதையும் அவர்கள் விளக்குவதில்லை. மேலும், துணையின் உறவுக்குப் பணம் கொடுத்தல் இந்நாட்டுக்குப் புதிதும் அன்று. அரச உத்தியோகத்தரின் விதவைக்கு ஓய்வூதியம் வழங்கும் கட்டளைச் சட்டம் 1898 இல் வந்தது. 1983 இல் தபுதாரருக்கும் அது விரிக்கப்பட்டது. கணவன் இறந்தபின் மனைவிக்குப் பணம் கொடுத்தல் பண்பாட்டுக்கு இழுக்காகவில்லை. அவன் உயிரோடிருக்கையில், அவனை உயிரோடு வைத்திருக்கும் உழைப்புக்குக் கொடுப்பது மட்டும் எங்ஙனம் இழுக்காகும்?

2022 இல் கடனைச் செலுத்த இயலாது நின்ற நாட்டிடம் பணம் எங்கே என்னும் வினா இவ்வளவு எளிதில் ஒதுக்கத்தக்கதன்று. சேமலாப நிதியை மீளப் பெறும் உரிமை திறைசேரிக்கு ஒரு சதமும் செலவு வைக்காது. ஆகவே அதனை மறுக்க வறுமையைக் காரணம் காட்டுதல் பொருந்தாது. எனினும் அவ்வுரிமை மட்டும் போதும் என்பாரோடு உடன்படுதல் இயலாது. சேமலாப நிதியை உடைத்து உண்பது விதைநெல்லைக் குற்றி உண்பதற்கு ஒப்பாகும். இன்று துணையைப் பராமரித்தவர் நாளை தம் முதுமையில் வெறுங்கையராக நிற்பர்.

உண்மையான உதவிக்குரிய அமைப்பு முன்னரே இருக்கின்றது. 1980 ஆம் ஆண்டின் 46 ஆம் இலக்கச் சட்டத்தால் அமைந்த ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதிக்குத் தொழில்தருநர் சம்பளத்தின் 3 சதவீதத்தைச் செலுத்துகின்றனர். அந்நிதி உறுப்பினரின் இருதய அறுவைச் சிகிச்சைக்கும் சிறுநீரக மாற்றுச் சிகிச்சைக்கும் உதவி வருகின்றது. உறுப்பினரின் துணை கடும் நோயுற்று, அதனால் உறுப்பினர் வேலையை விடவோ இடைநிறுத்தவோ நேர்ந்தால், குறித்த மாதங்களுக்குச் சம்பளத்தின் ஒரு பங்கை அந்நிதியிலிருந்து வழங்குதலும், அக்காலத்தில் அவரது சேமலாப நிதிப் பங்களிப்பைத் தொடர்தலும், பதவியை அவருக்காக வைத்திருக்குமாறு தொழில்தருநரைக் கட்டுப்படுத்துதலும் சட்டத் திருத்தத்தால் இயல்வனவே. நாட்கூலியாளருள்ளும் சுயதொழிலாளருள்ளும் பலர் இதற்குள் அடங்கார். அவர்களுக்கு அஸ்வெசும போன்ற திட்டத்தினூடாகவே, நோயாளிக்குரியதோடு பராமரிப்போருக்குரிய பங்கையும் சேர்த்து, வழி காணவேண்டும்.

பொய் சொல்லிப் பெறுவார்களே என்னும் அச்சம் எஞ்சுகின்றது. எந்நோயாளி எவ்வைத்தியசாலைக்கு எத்தனை முறை வந்தார் என்பதைக் கிளினிக் கொப்பி கூறும். அவரோடு வீட்டிலிருப்பவர் யார் என்பதைக் கிராம உத்தியோகத்தர் அறிவார். விதவை ஓய்வூதியம் பெறுவோர் உயிரோடிருப்பதை ஆண்டுதோறும் உறுதிப்படுத்திக்கொள்ளத் தெரிந்த நிர்வாகத்துக்கு இவ்விரண்டையும் ஒப்பிட்டுப் பார்த்தல் பெரும் பாரமன்று.