மாத்திரை ஒத்துக்கலையா? நிறுத்தாதீங்க... சொல்லுங்க!

கீரமங்கலம், வடகாடு பக்கம் பூ பறிக்கும் வேலை விடியும் முன்பே தொடங்கிவிடும். மொட்டு மலர்வதற்குள் பறித்து மார்க்கெட்டில் சேர்த்தாக வேண்டும். சுகர் மாத்திரையை மட்டும் போட்டுக்கொண்டு வெறும் வயிற்றோடு தோட்டத்துக்குப் போகிறவர்களுக்கு, வேலை பாதியில் இருக்கும்போதே கை நடுங்கும், வேர்த்துக் கொட்டும், கண்ணை இருட்டிக்கொண்டு வரும். "இந்த மாத்திரை நமக்கு ஒத்துக்கலை" என்று அவர்களாகவே முடிவுகட்டி நிறுத்திவிடுவார்கள்.

பல நேரம் ஒத்துக்கொள்ளாமல் போவது மாத்திரை அல்ல; அதைப் போட்ட நேரம்!

புதுக்கோட்டை மாவட்டத்தின் கிராமங்களிலும் இன்று பிரஷர், சுகர் மாத்திரைகள் வீடு தேடி வருகின்றன. 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கப்பட்ட 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தின் பலன் இது. மாத்திரை கைக்கு வந்துவிட்டது. அது உடம்புக்குள் என்ன செய்கிறது என்பதும் தெரிந்துவிட்டால், பாதி பயம் போய்விடும். பக்கவிளைவு என்பது பெரும்பாலும் எங்கிருந்தோ வரும் கெடுதல் அல்ல. மருந்து செய்யும் அதே வேலையின் இன்னொரு முகம்தான் அது.

சுகரை இறக்கும் இருவர்

கிளிமிபிரைடு, கிளிபென்கிளமைடு போன்ற மாத்திரைகள் கணையத்தைத் தட்டி எழுப்பி இன்சுலினைச் சுரக்க வைக்கும். சாப்பிட்டாலும் சாப்பிடாவிட்டாலும் சுரக்க வைக்கும். அதனால்தான் வெறும் வயிற்றில் சுகர் தடாலென்று இறங்குகிறது. இந்த மருந்து பிறந்த கதையே ஒரு பக்கவிளைவுதான். 1942-ல் பிரான்ஸில் டைபாய்டு நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்த ஒரு சல்ஃபா மருந்து, அவர்களின் ரத்த சர்க்கரையை ஆபத்தான அளவுக்கு இறக்கியது. அன்றைக்கு ஆபத்தாகத் தெரிந்த அந்தக் குணமே பிறகு சுகருக்கு மருந்தானது.

இந்த மாத்திரையைப் போட்டால் உடனே சாப்பிட வேண்டும். விடியற்காலை வேலைக்குப் போகிறவர்கள், கடலுக்குப் போகிறவர்கள், சஷ்டி விரதமோ ரம்ஜான் நோன்போ இருப்பவர்கள் அதை டாக்டரிடம் முன்கூட்டியே சொன்னால், நேரத்தையும் அளவையும் மாற்றித் தருவார். நடுக்கமும் வியர்வையும் வந்தால் மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடிக்க வேண்டும். 15 நிமிடத்தில் சரியாகாவிட்டால் இன்னொரு முறை. தெளிந்ததும் ஏதாவது சாப்பிட வேண்டும். மயங்கிவிட்டவர் வாயில் எதையும் ஊற்றக் கூடாது. 108-ஐ அழைக்க வேண்டும்.

மெட்ஃபார்மின் வேறு ரகம். கல்லீரல் தேவைக்கு மேல் சர்க்கரையை ரத்தத்தில் கொட்டுவதை அது குறைக்கிறது. தனியாகச் சாப்பிடும்போது சுகரை அபாயமாக இறக்குவது அரிது. ஆனால், ஆரம்பத்தில் வயிற்றைக் கலக்கும், வாய் கசக்கும். சாப்பாட்டோடு போட்டால் பெரும்பாலானவர்களுக்குச் சில வாரங்களில் பழகிவிடும். வருடக்கணக்கில் சாப்பிடுகிறவர்களுக்கு வைட்டமின் பி12 குறையலாம். காலில் மரமரப்பு என்றால் சுகர்தான் காரணம் என்று விட்டுவிடாமல், பி12 பரிசோதனையும் செய்துகொள்வது நல்லது.

கால் வீக்கம், வறட்டு இருமல்

பிரஷருக்கு அதிகம் தரப்படுவது ஆம்லோடிபின். ரத்தக்குழாய்ச் சுவரில் இருக்கும் தசைக்குள் கால்சியம் நுழைவதை இது தடுக்கிறது. தசை தளர, குழாய் விரிய, பிரஷர் இறங்குகிறது. விரிந்த குழாயிலிருந்து கொஞ்சம் நீர் வெளியே கசிந்து, கணுக்காலில் தங்கும். நாள் முழுக்க நின்று வேலை செய்கிறவர்களுக்குச் சாயங்காலம் வீக்கம் நன்றாகத் தெரியும். "கிட்னி போயிடுச்சோ" என்று உடனே பதற வேண்டாம். அதே நேரம் கண்டுகொள்ளாமலும் இருக்கக் கூடாது. இருதயம், கிட்னியில் கோளாறு இருந்தாலும் கால் வீங்கும் என்பதால் டாக்டர் பார்த்துச் சொல்ல வேண்டும். மாத்திரைதான் காரணம் என்றால், அளவைக் குறைத்தாலோ மருந்தை மாற்றினாலோ வீக்கம் வடிந்துவிடும்.

எனாலாப்ரில், ரத்தக்குழாயை இறுக்கும் ஒரு ரசாயனம் உடம்பில் உருவாவதைத் தடுக்கும். பிரேசில் நாட்டு விரியன் பாம்பின் விஷத்தை ஆராய்ந்தபோது கிடைத்த துப்பிலிருந்து வளர்ந்த மருந்துக் குடும்பம் இது. உடம்பு வழக்கமாக அழித்துவிடும் இன்னொரு பொருளை இது தேங்கவைப்பதால், சிலருக்குச் சளியே இல்லாத வறட்டு இருமல் வரும். இருமல் மருந்து எத்தனை பாட்டில் குடித்தாலும் போகாது. மாத்திரையை மாற்றினால் போகும். உதடு, நாக்கு வீங்கினால் மட்டும் ஒரு நிமிடமும் தாமதிக்காமல் ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். கர்ப்பிணிகளுக்கு இந்த மாத்திரை ஆகாது.

அட்டெனோலால் இருதயத் துடிப்பை நிதானப்படுத்தும். அதனால் சிலருக்குச் சோர்வு வரும். ஆஸ்துமா உள்ளவர்கள் அதை முன்பே சொல்லிவிட வேண்டும். சுகர் இறங்கும்போது வரும் படபடப்பை இது மறைத்துவிடும் என்பதால், இரண்டு நோயும் உள்ளவர்கள் வியர்வையை எச்சரிக்கையாக எடுத்துக்கொள்ள வேண்டும். திடீரென்று நிறுத்தினால் நெஞ்சுவலி வரை போகலாம். டாக்டர் சொல்லித்தான் படிப்படியாகக் குறைக்க வேண்டும்.

கடையில் வாங்கும் வலி மாத்திரை

மூட்டுவலி, இடுப்புவலி என்று கடையில் கேட்டு வாங்கும் டைக்ளோஃபெனாக் போன்ற மாத்திரைகளில்தான் நிஜமான ஆபத்து இருக்கிறது. வலியைத் தூண்டும் பொருளை அவை தடுக்கின்றன. அதே பொருள்தான் வயிற்றின் உட்சுவரைக் காக்கிறது, கிட்னிக்குப் போகும் ரத்தத்தையும் சீராக வைக்கிறது. எனாலாப்ரிலோடும் நீர் பிரியும் மாத்திரையோடும் இதுவும் சேர்ந்தால், கிட்னி ஒரே நேரத்தில் மூன்று பக்கமும் அடி வாங்கும். வெயிலில் வேலை செய்து உடம்பில் நீர் வற்றியிருந்தால் இன்னும் மோசம். பிரஷரும் ஏறும்.

யாரிடம் சொல்வது?

மாத்திரையை நிறுத்தியதும் வீக்கமும் இருமலும் போய்விடும். "நல்லாயிட்டேன்" என்று தோன்றும். ஆனால் பிரஷர் சத்தமில்லாமல் ஏறிக்கொண்டிருக்கும். அது தெரியவரும் நாளில் பக்கவாதமாகவோ மாரடைப்பாகவோ வந்து நிற்கலாம்.

• வீட்டுக்கு மாத்திரை கொண்டுவரும் தன்னார்வலரிடம், தொந்தரவு எப்போது தொடங்கியது என்று சொல்லி, ஆரம்ப சுகாதார நிலைய டாக்டரைப் பார்க்க வேண்டும்.

• போகும்போது வீட்டில் இருக்கும் எல்லா மாத்திரை அட்டைகளையும் ஒரு பையில் போட்டு எடுத்துப் போக வேண்டும். வலி மாத்திரை, நாட்டு மருந்து உட்பட.

• மருத்துவ ஆலோசனைக்கு 104-ஐ அழைக்கலாம். மருந்தின் பக்கவிளைவைப் பதிவு செய்ய இந்திய மருந்தியல் ஆணையத்தின் கட்டணமில்லா எண் 1800-180-3024.

ஒரு மருந்து ஒத்துக்கொள்ளாவிட்டால் மாற்று மருந்து உண்டு. அதைத் தர வேண்டுமென்றால், ஒத்துக்கொள்ளவில்லை என்பது டாக்டருக்குத் தெரிய வேண்டும்!