கழுவிட்டுத்தான் குளத்துல இறங்கணும்

போன மாசம் நாங்க எட்டு பேர் ஜப்பான் ஹக்கோனேயில ஒரு ரியோகான் விடுதியில தங்கினோம். தத்தாமி பாய், யுகாத்தா உடை, எல்லாம் அருமை. (சைவம்னு முன்கூட்டியே சொல்லிடுங்க, சூப்புலகூட மீன் சாறு இருக்கும்.)

வெந்நீர்க் குளத்துலதான் தலைகுனிவு. எல்லாருக்கும் ஒரே தண்ணி. அதனால சின்ன ஸ்டூல்ல உட்கார்ந்து சோப்பு போட்டுக் கழுவிட்டு, துணியில்லாமதான் இறங்கணும். துண்டுகூட தண்ணியில படக்கூடாது. எங்கள்ல ஒருத்தர் கூச்சத்துல அரைக்கால் சட்டையோட, கழுவாம இறங்கிட்டார். உள்ளே இருந்த ஜப்பான் பெரியவர் ஒண்ணும் சொல்லலை, எழுந்து போயிட்டார்.

“காசு கட்டித்தானே வந்தோம்”னு நம்மவர் வாதம். செருப்போட நம்ம கோயிலுக்குள்ள வர்ற டூரிஸ்ட் இதையே சொன்னா விடுவோமா? கூச்சம்னா தனிக் குளம் கேட்டு வாங்கலாம், பல விடுதியில இருக்கு.

மறுநாள் மன்னிப்புக் கேட்கலாம்னு பெரியவரைத் தேடினோம். காலையிலேயே கிளம்பிட்டாராம்.