அம்மா கைக்கு ஒரு காலெண்டுலா!

இந்த வாரம் பூ மேட்டர். 'இன்ஜினீயரிங் படிக்கிறவன் பூ வளர்க்கிறியா... யாருக்குடா மச்சி?'னு கேன்டீன்ல ஒரே ஓட்டு. அட, எங்க அம்மாவுக்குத்தாங்க!

எங்க ஊர் விருத்தாசலம். வெளியூர்க்காரங்களுக்குப் பழமலைநாதர் கோயிலும் ரயில்வே ஜங்ஷனும் ஞாபகம் வரும். எங்களுக்கு செராமிக்தான் எல்லாமே. அம்மா ஒரு சின்ன யூனிட்ல பொம்மைக்கு ஃபினிஷிங் பண்றாங்க. அச்சிலிருந்து எடுத்த பொம்மையோட பிசிறை வழிச்சு, ஈர ஸ்பான்ஜால துடைக்கிற வேலை. நாள் முழுக்க கை நனையும், காயும், திரும்ப நனையும். விரல் நுனியெல்லாம் வெடிப்பு. ஒருநாள் சாம்பார் சாதத்தை ஸ்பூன்ல சாப்பிட்டுட்டு இருந்தாங்க. 'என்னம்மா திடீர் ஸ்டைல்?'னு கலாய்ச்சேன். 'பிசைஞ்சா எரியுதுடா'ன்னாங்க. பொளேர்னு அறைஞ்ச மாதிரி இருந்துச்சு.

மெடிக்கல் ஷாப்ல ஒரு க்ரீம் கொடுத்தாங்க. பின்பக்கம் பார்த்தா 'காலெண்டுலா'ன்னு ஒரு பூ. காலண்டர்ங்கிற வார்த்தையும் இந்தப் பேரும் ஒரே லத்தீன் வேர்லேர்ந்து வந்ததுதானாம். சரி, நாமளே வளர்த்துட்டா போச்சு!

வளர்த்தேன். மூணு தடவை சொதப்பினேன்.

சொதப்பல் ஒண்ணு: விதைக் கடையில 'மேரிகோல்டு'ன்னு கேட்டேன். முளைச்சு வந்தது, நாம மாலை கட்டுற துலுக்கச் சாமந்தி! இங்கிலீஷ்ல ரெண்டுக்கும் மேரிகோல்டுன்னே பேர். ஒரே குடும்பம், ஆனா ஆள் வேற. துலுக்கச் சாமந்தி விதை கறுப்பு ஊசி மாதிரி நேரா இருக்கும். காலெண்டுலா விதை, காஞ்ச இறால் மாதிரி சுருண்டிருக்கும். பாக்கெட்ல 'காலெண்டுலா அஃபிசினாலிஸ்'னு இருக்கான்னு பார்த்து வாங்குங்க.

சொதப்பல் ரெண்டு: ஓசியில கிடைச்ச செகண்ட்ஸ் ஜாடியில நட்டேன். பார்க்க சூப்பர். ஆனா கிளேஸ் போட்ட ஜாடி ஒரு சொட்டுத் தண்ணியை வெளியே விடாது, அடியில ஓட்டையும் இல்ல. வேர் அழுகிப்போச்சு. செராமிக் ஊர்ல பொறந்துட்டு இது தெரியலன்னா எப்படி? கிளேஸ் இல்லாத மண்தொட்டி, அடியில ஓட்டை, மண்ணோட கொஞ்சம் மணலும் மக்கின எருவும்... அவ்ளோதான்.

சொதப்பல் மூணு: மார்ச்ல விதைச்சது. இது தெற்கு ஐரோப்பா பக்கத்துச் செடி, நம்ம வெயில் தாங்காது. அக்டோபர்லயும் வேணாம், அடைமழை ஊற வெச்சிடும். நவம்பர் கடைசியில மழை படாத இடத்துல விதை போட்டு, நாத்து தேறினதும் வெயிலுக்கு மாத்துங்க. ஒண்ணு ரெண்டு வாரத்துல முளைக்கும். ரெண்டு மாசம் போல ஆனா பூ. பறிக்கப் பறிக்க இன்னும் பூக்கும்.

பனி காஞ்சதும் நல்லா விரிஞ்ச பூவாப் பறிங்க. விரல்ல பிசுபிசுன்னு ஒட்டும், அந்தப் பிசின்தான் சரக்கு. நிழல்ல மொறுமொறுன்னு காயணும். ஈரம் இருந்தா எண்ணெய்ல பூஞ்சை பிடிக்கும். காஞ்ச பூ மூழ்குற அளவு தேங்காய் எண்ணெய் ஊத்தி, நாலு வாரம் மூடி வெச்சு வடிகட்டுங்க. களிம்பா வேணும்னா 100 கிராம் எண்ணெய்க்கு 20 கிராம் தேன்மெழுகு, வெந்நீர்ப் பாத்திரத்துக்குள்ள வெச்சு உருக்கினா போதும்.

'இதெல்லாம் வேலை செய்யுமா பாஸ்?' நியாயமான கேள்வி. 2004-ல வெளியான ஒரு பிரெஞ்சு ஆய்வு இருக்கு. மார்பகப் புற்றுநோய்க்குக் கதிர்வீச்சு சிகிச்சை எடுத்த 254 பெண்கள். காலெண்டுலா களிம்பு போட்டவங்கள்ல 41 சதவீதம் பேருக்குத் தோல் மோசமாச்சு. வேற ஒரு களிம்பு போட்டவங்கள்ல 63 சதவீதம். ஆனா அது கதிர்வீச்சுப் புண், எங்க வீட்டு வெடிப்பு இல்லையே?

அதனால வீட்லயே ஒரு எக்ஸ்பெரிமென்ட். அம்மாவோட வலது கைக்குக் காலெண்டுலா எண்ணெய், இடது கைக்கு வெறும் தேங்காய் எண்ணெய். தினம் ராத்திரி நானே தேய்ச்சு விட்டேன். வேலைக்கு கிளவுஸும் வாங்கிக் கொடுத்தேன். மூணு வாரத்துல ரெண்டு கையும் தேறிடுச்சு! வலது கை கொஞ்சம் முந்தின மாதிரி இருந்துச்சு. ஆனா 'மாதிரி'க்கு லேப்ல மார்க் கிடையாதே!

ஒரு எச்சரிக்கை: சாமந்திப் பூ அலர்ஜி இருக்கிறவங்க இது பக்கமே போகாதீங்க. மத்தவங்களும் முழங்கை உள்பக்கம் ஒரு சொட்டு தடவி, ஒருநாள் பார்த்துட்டு அப்புறம் போடுங்க. ரத்தமோ சீழோ வந்தா டாக்டர்தான், பூ இல்ல.

'பூவா, எண்ணெயா, கிளவுஸா... எதும்மா சரி பண்ணுச்சு?'ன்னு நோட்டும் பேனாவுமா கேட்டேன். அம்மா நிமிரக்கூட இல்ல. 'எதுவோ போடா. கொஞ்சம் ரசம் ஊத்து'ன்னாங்க.

கையாலதான் பிசைஞ்சுட்டு இருந்தாங்க.

அடுத்த வாரம் மீட் பண்ணுவோம்!