எந்தக் கண் கண்?

துப்பாக்கி சுடக் கற்றுக்கொடுக்கும் ஆசான்களில் பலர் இன்றும் ஒரே மந்திரத்தைத்தான் ஓதி வருகிறார்கள். "கட்டையை வலது தோளில் வை, இடது கண்ணை மூடு" என்பதே அம்மந்திரமாகும். குறி தவறினால் பையனுக்கு மண்டு என்கிற பட்டம். அவன் கண்ணைச் சோதித்தீரா என்று கேட்டால் பதிலில்லை. துரோணாச்சாரியாரும் மரத்துப் பறவையைப் பற்றிக் கேள்விமேல் கேள்வி கேட்டாரே ஒழிய, எந்தக் கண்ணால் பார்க்கிறாய் என்று ஒரு சீடனையாவது கேட்டதாகக் கதையில்லை!

இரு கண்களும் திறந்திருக்கையில், குறி பார்க்கும் வேலைக்கு மூளை ஒரு கண்ணையே நம்புகிறது. இத்தாலி தேசத்து போர்ட்டா என்பவர் 1593லேயே இதைப்பற்றி எழுதிவிட்டார். ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்குப் பேருக்கு அது வலக்கண். மற்றவர்களில் பெரும்பாலோருக்கு இடக்கண். வலக்கைக்காரனுக்கு வலக்கண்தான் இருந்தாக வேண்டுமென்று இயற்கையில் சட்டம் கிடையாது.

இடக்கண்காரன் வலத்தோளில் வேட்டைத் துப்பாக்கியை வைத்து, இரு கண்ணையும் திறந்து சுட்டால் என்ன ஆகும்? குழல் முனையிலுள்ள குமிழை அவன் தன்னையறியாமலே இடக்கண்ணுக்கு நேராக்கிவிடுவான். கண்ணுக்கும் கண்ணுக்கும் இடைவெளி 6 சென்டிமீட்டர், குமிழ் 1 மீட்டர் தூரம், இலக்கு 20 மீட்டர் தூரம் என்று வைத்துக் கணக்குப் போட்டுப் பாருங்கள். குண்டு ஒரு மீட்டருக்கு மேல் இடப்பக்கம் போகிறது. இதில் மண்டு யார்?

இடக்கண்ணை மூடினால் சரியாகிவிடுமே என்பார்கள். அசையாத இலக்குக்கு அது சரிதான். பறந்து போகும் களிமண் தட்டைச் சுடுகிறவன், கண்ணை மூடினால் ஒரு பக்கத்துப் பார்வையையும் தூரம் மதிக்கும் சக்தியையும் அல்லவா இழக்கிறான்? அவன் இடத்தோளில் சுடப் பழகட்டுமே. அதற்கு ஆசான் சம்மதிப்பதில்லை.

துப்பாக்கி செய்கிறவர்களும் சளைத்தவர்களல்ல. 1985இல் பிரிட்டிஷ் இராணுவம் ஏற்ற எஸ்.ஏ.80 துப்பாக்கியை இடத்தோளில் வைத்தால் காலித் தோட்டா முகத்திலடிக்கும். ஆகவே இடக்கைச் சிப்பாயும் வலத்தோளுக்கு மாற்றப்பட்டான். வேறு வழியில்லை என்பது பொய். அதற்கு முன்பே ஆஸ்திரியா ஏற்ற ஸ்டைர் துப்பாக்கியில் தோட்டா விழும் பக்கத்தை மாற்றிக்கொள்ளலாம்.

கேமராவில் அந்த ஆபத்துமில்லை. படம் பிடிப்பது லென்ஸ். எந்தக் கண்ணால் பார்த்தாலும் படம் விலகாது. ஆனால் 1954இல் வந்த லைக்கா எம்3 போன்றவற்றில் பார்க்கும் துவாரம் இடது ஓரத்தில் இருக்கிறது. வலக்கண்காரனின் மூக்கு தாராளமாய் வெளியே நிற்கும். இடக்கண்காரனின் மூக்கோ கேமராவின் முதுகில் நசுங்கும். இதைக்கண்டு "கெட்ட பழக்கம்" என்று புத்தி சொல்ல வருகிறவர்கள், துவாரத்தை அங்கே வைத்தவனைக் கேட்பதில்லை.

சோதனைக்குக் காலணா செலவில்லை. இரு கைகளையும் நீட்டி, விரல்களுக்கிடையே சிறு துவாரம் விட்டு, இரு கண்ணாலும் தூரத்துக் கம்பமொன்றைப் பாருங்கள். பிறகு ஒவ்வொரு கண்ணாக மூடுங்கள். எந்தக் கண்ணை மூடும்போது கம்பம் மறைகிறதோ, அதுவே உங்கள் குறி பார்க்கும் கண். "வலத்தோள்" என்று கத்துவதற்கு முன் இந்த ஒரு நிமிஷத்தைச் செலவிட ஆசானுக்கு என்ன கஷ்டம்?