சூடேற மறுத்த ஓவன்



நம் பாட்டிமார் கிறிஸ்துமஸ் காலத்தில் கேக் சுட்ட முறை உங்களுள் பலருக்கு நினைவிருக்கும். அகன்ற பாத்திரமொன்றில் மணலைப் பரப்பி அடுப்பில் ஏற்றுவார்கள். மணல் நன்கு சூடேறிய பின்னர், மாவுக் கலவை ஊற்றிய தட்டை அதனுள் இறக்கி மூடியிடுவார்கள். மூடியின்மேல் சிரட்டைத் தணலைப் பரப்புவார்கள். கீழே மணலின் சூடு. மேலே தணலின் சூடு. மணல் காயுமுன் தட்டை இறக்கினால் கேக்கின் நடுவில் பச்சை மாவுதான் மிஞ்சும் என்பது அவர்கள் அனுபவத்தில் கண்ட பாடம்.

இன்று அந்த மணற்சட்டியின் இடத்தில் மின்சார ஓவன் அமர்ந்திருக்கிறது. தணலுக்குப் பதில் மேலே ஒரு கம்பி. மணலுக்குப் பதில் கீழே ஒரு கம்பி. முன்கூட்டியே சூடேற்ற வேண்டும் என்னும் விதி மட்டும் மாறவில்லை. ஆனால் பத்து நிமிடத்தில் ஏறவேண்டிய சூடு அரைமணி நேரமாகியும் ஏறாவிட்டால் என்ன செய்வது? ஓவன் பழுதடைந்துவிட்டதென்று உடனே முடிவு கட்டலாமா? பழுது பார்க்கும் செலவை எவ்வாறு அளவோடு வைத்துக்கொள்வது? இத்திங்கள் இதைப்பற்றிச் சிந்திப்போம்.

புதுக்கோட்டை மாவட்டம் வல்லத்திராக்கோட்டையில் என் தங்கை குடும்பத்துடன் வசிக்கிறாள். மகளிர் சுய உதவிக் குழுவில் பெற்ற கடனைக்கொண்டு, மூன்று ஆண்டுகளுக்கு முன் 6,800 ரூபாய்க்கு ஓர் ஓவன் வாங்கினாள். 1500 வாட் ஆற்றலுடையது. முந்திரி பிஸ்கட்டும் கேக்கும் சுட்டு அக்கம்பக்கத்தாருக்கு விற்கிறாள். வருவாய் பெரிதன்று, எனினும் மூத்த மகளின் கல்லூரிப் பேருந்துக் கட்டணமும் புத்தகச் செலவும் அதில்தான் நடக்கின்றன.

சென்ற டிசம்பர் முதல் வாரத்தில் அவளிடம் 22 கேக்குகளுக்கு ஆர்டர் சேர்ந்திருந்தது. அவ்வேளை பார்த்து ஓவன் முரண்டு பிடித்தது. 12 நிமிடத்தில் 180 பாகையைத் தொட்டு விளக்கை அணைத்துக்கொள்ளும் கருவி, 30 நிமிடமாகியும் விளக்கை அணைக்கவில்லை. முதல் மூன்று கேக்குகள் நடுவில் குழிந்துபோயின. முட்டையும் வெண்ணெயும் வீண்.

நகரத்திலிருந்து பழுது பார்ப்பவர் ஒருவர் வரவழைக்கப்பட்டார். ஓவனைத் திருப்பிப் பார்த்து, "கீழ்க்கம்பி போய்விட்டது" என்றார். கம்பிக்கு 650 ரூபாய். வந்து போனதற்கு 300. பயனில்லை. இரண்டு நாள் கழித்து மீண்டும் வந்தார். "தெர்மோஸ்டாட் கோளாறு" என்றார். அதற்கு 700, மீண்டும் வருகைக்கு 300. ஆக 1,950 ரூபாய் கரைந்தது. ஓவன் மட்டும் பழையபடியே இருந்தது.

நான் சென்றபோது வீட்டில் ஒரு கனத்த அமைதி நிலவியது. "மச்சான், இந்தப் பெட்டியைத் தூக்கிப் போடச் சொல்லுங்கள். பிள்ளையின் படிப்புப் பணத்தையெல்லாம் இதுவே தின்றுவிடும் போலிருக்கிறது" என்றார் அவள் கணவர். தங்கை மறுமொழி பேசவில்லை. அடுக்களையில் தனித்திருந்தபோதுதான் மெல்லச் சொன்னாள்: "அண்ணே, ஒன்றுதான் எனக்கு விளங்கவில்லை. இரவு பதினொரு மணிக்குமேல் போட்டால் முன்போலவே சூடாகிறது. பகலில்தான் இந்தப் பாடு."

நோயின் வேர் அந்தச் சொல்லில் இருந்தது. கம்பி எரிந்து போயிருந்தால் இரவில் மட்டும் அது உயிர் பெறுமா?

அண்டையில் மோட்டார்களுக்குக் காயில் கட்டும் தொழிலாளர் ஒருவரை அழைத்து, அவருடைய மீட்டரால் அளந்து பார்க்கச் செய்தோம். காலை பத்து மணி. சுற்றியுள்ள தோட்டங்களில் ஆழ்குழாய்க் கிணற்று மோட்டார்கள் ஓடிக்கொண்டிருந்த நேரம். சுவரிலிருந்த பிளக்கில் 190 வோல்ட் இருந்தது. அங்கிருந்து மெல்லிய ஒயருள்ள எக்ஸ்டென்ஷன் பெட்டி வழியாக ஓவனுக்கு வந்து சேர்ந்தது 184 வோல்ட். அன்றிரவு அளந்தபோது அதே சுவரில் 226 வோல்ட்.

230 வோல்ட் வரவேண்டிய இடத்தில் 184 வோல்ட் என்றால், ஐந்தில் ஒரு பங்குதானே குறைவு, அதற்கு இத்தனை தாமதமா என்று கேட்கலாம். இங்கேதான் நாம் ஏமாறுகிறோம். ஓவனின் கம்பிக்குள் நிக்கலும் குரோமியமும் கலந்த நிக்ரோம் என்னும் உலோகச் சுருள் இருக்கிறது. அமெரிக்கரான ஆல்பர்ட் மார்ஷ் 1906-ஆம் ஆண்டு காப்புரிமை பெற்ற இக்கலவை, செஞ்சூட்டிலும் எளிதில் துருப்பிடித்து அழியாதது. இச்சுருளில் பிறக்கும் வெப்பம் மின்னழுத்தத்தின் அளவையொட்டி அன்று, அழுத்தத்தின் வர்க்கத்தையொட்டியே கூடிக் குறைகிறது. அழுத்தம் ஐந்தில் நான்கு பங்கானால், வெப்பம் இருபத்தைந்தில் பதினாறு பங்காகிவிடும். எனவே 1500 வாட் ஓவன் 960 வாட் ஓவனாகச் சுருங்கிவிடுகிறது!

அதற்குமேலும் ஓர் இழப்பு உண்டு. ஓவன் சூடாகும்போதே அதன் சுவர்களும் கண்ணாடிக் கதவும் வெப்பத்தை வெளியே கசியவிடுகின்றன. உள்ளே சூடு ஏற ஏறக் கசிவும் ஏறும். 1500 வாட் இருக்கும்போது அந்தக் கசிவு பொருட்டன்று. 960 வாட் மட்டுமே வரும்போது, வரவில் பெரும்பகுதி கசிவுக்கே போய்விடுகிறது. ஆகவேதான் 12 நிமிட வேலை 30 நிமிடமாகிறது. "மின்சாரம் குறைவாகத்தானே வருகிறது, கட்டணமும் குறையுமே" என்று எண்ணவும் வேண்டாம். 1500 வாட்டில் 12 நிமிடத்திற்கு 0.3 யூனிட் செலவாகும். 960 வாட்டில் 30 நிமிடத்திற்கு 0.48 யூனிட் செலவாகும்.

இவ்வளவு அழுத்தக் குறைவை வீட்டிலிருந்த எவரும் ஏன் கவனிக்கவில்லை? பழைய குண்டு பல்பு இருந்த காலத்தில், அழுத்தம் குறைந்தால் அது மங்கி எரிந்து நமக்குச் செய்தி சொல்லிவிடும். இன்றைய எல்.இ.டி. விளக்குகளிற் பல, அழுத்தம் பெரிதும் குறைந்தாலும் ஒளி மங்காதவாறு அமைக்கப்பட்டவை. விளக்கு நன்றாக எரிவதைக் கண்டு, மின்சாரம் சரியாக இருக்கிறதென்று நம்பி, பழியை ஓவன்மேல் போட்டுவிட்டோம்.

ஆயினும் எல்லா வீட்டிலும் காரணம் இதுவேயாகும் என்பதில்லை. பழுது பார்ப்பவரை அழைக்குமுன் நாமே கவனிக்கக்கூடியவற்றை வரிசையாகச் சொல்கிறேன்.

முதலாவது, திருகுகளைப் பாருங்கள். மேல்கம்பி, கீழ்க்கம்பி, இரண்டும் எனத் தேர்ந்தெடுக்கும் திருகு, துடைக்கும்போது இடம் மாறி ஒரு கம்பியில் மட்டும் நின்றுவிடுவதுண்டு. அப்படியாயின் பாதிச் சூடுதான் கிடைக்கும்.

இரண்டாவது, நேரத்தைக் குறித்து வையுங்கள். காலை, மாலை, பின்னிரவு என மூன்று வேளைகளில், வெறும் ஓவன் 180 பாகைக்கு ஏற எத்தனை நிமிடமாகிறதென்று ஒரு தாளில் எழுதுங்கள். வேளைக்கு வேளை பெரிதும் வேறுபட்டால் குற்றம் மின்னழுத்தத்தில். எவ்வேளையிலும் ஒரே தாமதமென்றால் ஓவனைச் சந்தேகிக்கலாம்.

மூன்றாவது, பிளக்கைக் கவனியுங்கள். 1500 வாட் ஓவன் ஏறத்தாழ ஆறரை ஆம்பியர் மின்னோட்டத்தை இழுக்கிறது. விளக்குக்கும் செல்போனுக்கும் உரிய 6 ஆம்பியர் பிளக் அதற்குப் போதாது. 16 ஆம்பியர் பிளக்கே வேண்டும். எக்ஸ்டென்ஷன் பெட்டி அறவே கூடாது. ஓவனை அணைத்தபின் பிளக்கின் தலை சுடுகிறதென்றால், வெப்பம் கேக்குக்குப் போகாமல் ஒயரில் வீணாகிறது. தீ விபத்துக்கும் அது வழி.

நான்காவது, கம்பிகளைப் பாருங்கள். இரண்டு கம்பிகளையும் இயக்கிவிட்டு, சில நிமிடம் கழித்து அறையை இருளாக்கிக் கண்ணாடி வழியாக நோக்கினால், பெரும்பாலான ஓவன்களில் கம்பிகள் மங்கிய சிவப்பாகத் தெரியும். ஒன்று சிவந்து மற்றொன்று கறுத்திருந்தால், அந்தக் கம்பியோ அதற்குச் செல்லும் இணைப்போ பழுது. கேக்கின் அடி தீய்ந்து மேற்புறம் வெளுத்திருப்பதும் இதன் அடையாளமே.

ஐந்தாவது, சர்க்கரைச் சோதனை. சர்க்கரை சுமார் 186 பாகையில் உருகுவது. மின்னழுத்தம் சரியாயுள்ள வேளையில், ஓவனை 175 பாகையில் சூடாக்கி, சிறு கிண்ணத்தில் ஒரு கரண்டி சர்க்கரையைக் கால்மணி நேரம் வையுங்கள், உருகக்கூடாது. பின் 190 பாகையில் அவ்வாறே வையுங்கள், உருகவேண்டும். இவ்விரண்டில் ஒன்று பொய்த்தாலும் தெர்மோஸ்டாட் பிசகியிருக்கக்கூடும்.

ஓவனின் மூடியைக் கழற்றுவதும் வோல்ட் அளப்பதும் தொழிலறிந்தவர் வேலை. நாம் அதில் கை வைக்கலாகாது.

இனி, செலவைப் பற்றி. என் தங்கை செய்த தவறுகள் மூன்று. வருகைக் கட்டணம் எவ்வளவென்று முதலில் கேட்கவில்லை. பாகத்தின் விலையும் கூலியும் தனித்தனியே எழுதிய ரசீதைப் பெறவில்லை. எதை அளந்து இம்முடிவுக்கு வந்தீர்கள் என்று வினவவுமில்லை. நல்வேளையாக, கழற்றிய பழைய கம்பி கொல்லைப்புறத்தில் கிடந்தது. மோட்டார்த் தொழிலாளர் அதை எடுத்து அளந்தார். 750 வாட் கம்பியொன்றுக்கு ஏறத்தாழ 70 ஓம் தடை இருக்கவேண்டும். அதில் 69 இருந்தது. ஒரு குறையுமில்லாத கம்பி!

பழுது பார்த்தவரை வரவழைத்து, கடுஞ்சொல் ஏதுமின்றி, பழைய கம்பியையும் மீட்டரையும் அவர்முன் வைத்தோம். அவர் சிறிது நேரம் பேசவில்லை. "அளந்து பார்த்திருக்க வேண்டும் ஐயா. டிசம்பர் மாதம், ஒரு நாளைக்குப் பத்து வீடு. அவசரத்தில் செய்துவிட்டேன்" என்றார். தெர்மோஸ்டாட்டின் விலையையும் இரண்டாம் வருகைக் கட்டணத்தையும் திருப்பித் தந்தார். 16 ஆம்பியர் பிளக் ஒன்றைக் கூலியின்றிப் பொருத்திக் கொடுத்தார். முதல் வருகைக்குரிய 300 ரூபாயைத் தங்கை கேட்கவில்லை. நகரத்திலிருந்து பேருந்தேறி வரும் தொழிலாளியின் அரைநாள் உழைப்புக்கு விலையுண்டு. உழைத்தவர் கூலியைப் பறிப்பது சிக்கனமன்று. உழைக்காத வேலைக்குக் கூலி கொடுப்பது தருமமுமன்று.

ஆகவே பழுதுக்கு ஆள் அழைக்கும்போது உத்தரவாத அட்டையை முதலில் தேடுங்கள். மதிப்பீட்டை எழுதி வாங்குங்கள். மாற்றிய பழைய பாகத்தைக் கேட்டுப் பெறுங்கள். மொத்தச் செலவு புதிய ஓவனின் விலையில் பாதியைத் தாண்டுமாயின், பல்லாண்டு உழைத்த கருவிக்கு அச்செலவு தகுமா என்று குடும்பத்தோடு அமர்ந்து முடிவு செய்யுங்கள். பேசியும் தீராத வழக்கென்றால், தேசிய நுகர்வோர் உதவி எண் 1915 இருக்கிறது. 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி, குறை நேர்ந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுகளுக்குள் மாவட்ட ஆணையத்தில் முறையிடலாம். 5 இலட்சம் ரூபாய் வரையுள்ள பொருளுக்கோ சேவைக்கோ முறையீட்டுக் கட்டணம் கிடையாது. ஆனால் ரசீது இல்லாதவர் வழக்கு எங்கும் நொண்டும்.

மின்னழுத்தக் குறைவுக்கு என்ன வழி? தங்கை இப்போது மோட்டார்கள் ஓய்ந்த அதிகாலையிலும் இரவிலும் கேக் சுடுகிறாள். அது தற்காலிக வழியே. வீட்டு இணைப்பின் அழுத்தம் 6 விழுக்காட்டிற்குமேல் கூடவோ குறையவோ கூடாதென்று 1956-ஆம் ஆண்டின் இந்திய மின்சார விதிகளே வரையறுத்தன. அக்கணக்கின்படி 216 வோல்ட்டிற்குக் கீழே இறங்கலாகாது. 2018 நவம்பர் 16-ஆம் நாள் கஜா புயல் மின்கம்பங்களைச் சாய்த்தபோது, பல நாள் இருளில் கிடந்த பகுதி இது. அதனாலோ என்னவோ, விளக்கு எரிந்தாற் போதும் என்று மக்கள் பழகிவிட்டார்கள். இப்போது தெருவார் சேர்ந்து, நாளும் வேளையும் குறித்த வோல்ட் கணக்கோடு மின்வாரிய அலுவலகத்தில் மனு கொடுத்திருக்கிறார்கள். அம்மனுவில் முதற் கையொப்பம் தங்கையின் கணவருடையது.

22 கேக்குகளும் குறித்த நாளில் உரியவர் வீடு போய்ச் சேர்ந்தன. கடைசிக் கேக் ஓவனிலிருந்து இறங்கிய பின்னிரவில், "பெட்டியைப் போட வேண்டாம் மச்சான். பெட்டியின்மேல் பிழையில்லை" என்றார் அவர். தங்கையின்மேலும் பிழையில்லை என்று சொல்லவந்ததை அவர் வாய் அவ்வாறு சொல்லிற்று. அவளுக்கு அது விளங்கிற்று, எனக்கும் விளங்கிற்று.

வாசகர்களே, பழி சுமத்துமுன் அளந்து பார்ப்போம். பணமும் மிஞ்சும், வீட்டில் அமைதியும் மிஞ்சும். அடுத்த திங்கள் சந்திப்போம்.