யாருக்கு மரியாதை?

“சிங்கப்பூரைப் பாருங்கள்! தெருவில் ஒரு காகிதத் துண்டு கிடக்கிறதா? பஸ்ஸில் இடித்துத் தள்ளுகிறார்களா? நம் ஜனங்களுக்குத்தான் எத்தனை ஜென்மம் எடுத்தாலும் புத்தி வராது.”

இந்தப் பேச்சைப் பேசாத கனவான் நம் ஊரில் கிடையாது. விமானத்தில் போய் வந்தவர் பேசுகிறார். போகாதவர் அதைவிட உரக்கப் பேசுகிறார். இந்தப் பேச்சின் முடிவும் எப்போதும் ஒன்றுதான்: குற்றம் ஏழை ஜனங்களின் சுபாவத்தில் இருக்கிறது, அதற்கு மருந்து போலீசும் அபராதமும். ஆகவே இதில் உண்மை எவ்வளவு, பொய் எவ்வளவு என்று நிதானமாக எடைபோட்டுப் பார்ப்பது அவசியமாகிறது.

சிங்கப்பூரைச் சென்னையோடு ஒப்பிடுவதைவிட, அதன் அண்டை நாடான மலேசியாவோடு ஒப்பிடுவதே நியாயம். சிங்கப்பூருக்கும் மலேசியாவின் ஜோகூர் பாருவுக்கும் நடுவே சுமார் ஒரு கிலோமீட்டர் நீளமுள்ள பாலம்தான் இருக்கிறது. அது 1924-ம் ஆண்டில் திறக்கப்பட்டது. இரு கரையையும் ஆண்டது ஒரே வெள்ளைக்காரன். 1963 செப்டம்பர் முதல் 1965 ஆகஸ்டு 9 வரை இரண்டும் ஒரே நாடாகக்கூட இருந்தன. இரு கரையிலும் மலாய்க்காரர், சீனர், தமிழர். ஒரே சாப்பாடு, ஒரே பண்டிகைகள். இந்தக் கரையில் அண்ணன், அந்தக் கரையில் தம்பி என்று வாழும் குடும்பங்கள் ஏராளம். ஜனங்களின் சுபாவமே எல்லாவற்றுக்கும் காரணம் என்றால், இரு கரையிலும் நகர வாழ்க்கை ஒரே மாதிரி இருக்க வேண்டுமல்லவா?

இல்லையே! சிங்கப்பூரில் பஸ்ஸுக்கு வரிசையில் நிற்கிறார்கள். நகரும் படிக்கட்டில் இடப்புறம் ஒதுங்கி, அவசரக்காரனுக்கு வழி விடுகிறார்கள். பாலத்தைத் தாண்டினால் சாலையில் வேறு காட்சி. கார்களுக்கு இடையே மோட்டார் சைக்கிள்கள் பாய்கின்றன. 2019-ம் ஆண்டில் மட்டும் மலேசியாவின் சாலைகளில் 6,167 பேர் மாண்டனர். அவர்களில் பெரும்பாலோர் மோட்டார் சைக்கிளில் போனவர்கள். ஆனால் அதே மலேசியாவில், தேநீர்க் கடைக்குள் நுழைந்தால் மலாய்க்காரரும் சீனரும் தமிழ்க் கடைக்காரரை வாய் நிறைய ‘அண்ணே’ என்று அழைக்கிறார்கள். முன்பின் தெரியாதவரோடு ஒரே மேஜையில் அமர்ந்து கதை பேசுகிறார்கள். கடையில் பண்பாக இருக்கிறவர் சாலையில் ஏன் அப்படி இல்லை? கடைக்கு ஒரு சுபாவம், சாலைக்கு ஒரு சுபாவம் என்று மனிதன் இரண்டு பிறவி எடுக்கிறானா?

இரு நாட்டு ஆட்சியாளரும் இதற்கு உபதேசத்தையே மருந்தாகக் கண்டார்கள். சிங்கப்பூரில் 1979-ம் ஆண்டு பிரதமர் லீ குவான் யூ தேசிய மரியாதை இயக்கத்தைத் தொடங்கி வைத்தார். சுற்றுலாப் பயணிகளிடம் இன்முகம் காட்ட வேண்டும் என்று சுற்றுலா வாரியம் செய்துவந்த பிரசாரத்திலிருந்து கிளைத்த இயக்கம் அது. 1982-ல் ‘சிங்கா’ என்ற சிரிக்கும் சிங்கத்தை அதன் சின்னமாக்கினார்கள். மலேசியாவிலோ 1969 மே 13 கலவரத்துக்குப் பின், 1970-ல் பிரகடனம் செய்த தேசியக் கோட்பாட்டின் ஐந்தாவது அம்சமாகவே நன்னடத்தையையும் ஒழுக்கத்தையும் எழுதி வைத்தார்கள். பள்ளிப் பிள்ளைகள் அதை மனப்பாடம் செய்கிறார்கள். போதாதென்று 2005-ல் நற்பண்பு இயக்கம் ஒன்றும் தொடங்கினார்கள்.

பலன் என்ன? 2006-ம் ஆண்டு ‘ரீடர்ஸ் டைஜஸ்ட்’ பத்திரிகை உலகின் 35 நகரங்களில் மரியாதைப் பரீட்சை வைத்தது. கதவைப் பிடித்து நிற்கிறார்களா, சிதறிய காகிதங்களைப் பொறுக்கித் தருகிறார்களா, கடைச் சிப்பந்தி நன்றி சொல்கிறாரா என்று பார்த்தார்கள். நியூயார்க்குக்கு முதலிடம், மும்பைக்குக் கடைசி இடம். கோலாலம்பூரும் சிங்கப்பூரும் பின்வரிசையில்தான் நின்றன! மரியாதை இயக்கம் தொடங்கி இருபத்தேழு ஆண்டுக்குப் பிறகு கிடைத்த மதிப்பெண் இது. 2013-ல் அந்தச் சிங்கமே ‘கோபக்கார ஜனங்களைக் கண்டு அலுத்துவிட்டேன்’ என்ற பொருளில் ராஜினாமாக் கடிதம் எழுதுவது போல ஒரு விளம்பரமும் செய்தார்கள்.

இந்தப் பரீட்சையை நாம் வேதவாக்காகக் கொள்ளவில்லை. அது மேல்நாட்டுக் கனவானின் முழக்கோல். மும்பையின் மின்சார ரயிலில் கதவைப் பிடித்து வழிவிடுவது எப்படி? பெரும்பாலான ரயில்களில் கதவு திறந்தே கிடக்கிறது. அதில் மனிதர்கள் கொத்துக் கொத்தாகத் தொங்குகிறார்கள். அவர்களுடைய பண்பை அளக்க வந்தவர்கள், ரயிலின் எண்ணிக்கையையும் அளந்திருக்கலாம்.

விஷயத்தின் வேர் இங்கேதான் இருக்கிறது. அடுத்த பஸ் ஐந்து நிமிஷத்தில் நிச்சயம் வரும் என்று தெரிந்தவன் வரிசையில் நிற்பான். இதை விட்டால் அரை நாள் கூலி போய்விடும் என்று அஞ்சுகிறவன் முண்டியடிப்பான். சிங்கப்பூரில் 1960-ல் வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் அமைத்து, 1966-ல் நிலத்தைக் கையகப்படுத்தும் சட்டம் செய்து, நிலத்தில் பெரும்பகுதியைச் சர்க்கார் எடுத்துக்கொண்டது. இன்று அந்நாட்டுக் குடிமக்களில் மிகப் பெரும்பாலோர் குடியிருப்பது சர்க்கார் கட்டிய வீடுகளில். 1987 முதல் நகர ரயில் ஓடுகிறது. 1990 முதல், அனுமதிச் சீட்டை ஏலத்தில் எடுத்தால்தான் கார் வாங்க முடியும். மலேசியாவிலோ 1985-ல் சொந்தக் கார் தயாரிப்பைத் தொடங்கி, ஊரையே கார் வாங்கத் தூண்டினார்கள். கோலாலம்பூரில் 1975 முதல் 1998 வரை தனியாரின் மினி பஸ்கள் பிரயாணிகளைப் பிடிக்க ஒன்றையொன்று முந்திக்கொண்டு ஓடின. பஸ் சரியாக இல்லாத ஊரில், கார் வாங்க வழியில்லாத தொழிலாளி மோட்டார் சைக்கிளில்தான் வேலைக்குப் போவான். சாலையில் சாகிறவனும் அவனே. ‘நாகரிகம் தெரியாதவன்’ என்று பெயர் வாங்குகிறவனும் அவனே.

நம் ஊர்க் கனவான்கள் சிங்கப்பூரின் அபராதத்தைப் பார்க்கிறார்கள். நிலம், வீடு, போக்குவரத்து ஆகியவற்றைத் தனியாரின் வேட்டைக்கு விடாமல் வைத்திருந்ததை மட்டும் பார்க்க மறுக்கிறார்கள்! “சிங்கப்பூரைப் போல நிலத்தைச் சர்க்கார் எடுத்து வீடு கட்டித் தரட்டும்” என்று சொல்லிப் பாருங்கள். அடுத்த நிமிஷமே அவர்கள் பேச்சை மாற்றிவிடுவார்கள்.

அப்படியானால் சிங்கப்பூர் நமக்கு வழிகாட்டியா? அதுவும் இல்லை. அந்த ஒழுங்கும் மரியாதையும் எந்த வாசல்படியோடு நின்றுவிடுகின்றன என்பதைப் பார்க்க வேண்டும்.

2008-ல் சிராங்கூன் கார்டன்ஸ் என்ற வசதிமிக்க குடியிருப்புக்கு அருகே வெளிநாட்டுத் தொழிலாளருக்குத் தங்குவிடுதி அமைக்க ஏற்பாடு நடந்தது. மரியாதை இயக்கம் கண்ட மக்களில் ஆயிரத்துக்கு மேற்பட்டோர் அது வேண்டாமென்று மனுவில் கையெழுத்திட்டார்கள். விடுதி வந்தது, ஆனால் தொழிலாளர் அந்தத் தெருக்களில் நடமாட வேண்டாம் என்பதற்காக அதற்குத் தனிச் சாலை போட்டார்கள். நம் கிராமத்துச் சேரிக்குத் தனிப் பாதை விட்ட பண்ணையாருக்கும் இதற்கும் என்ன வேற்றுமை?

பஸ்ஸிலிருந்து இறங்கும்போது டிரைவருக்கு நன்றி சொல்லச் சிங்கம் கற்றுக் கொடுத்தது. நல்ல பழக்கம்தான். அந்த டிரைவரின் கதை என்ன? 2012 நவம்பர் 26-ம் தேதி, சீனாவிலிருந்து வந்த 171 பஸ் டிரைவர்கள் வேலைக்குப் போக மறுத்தார்கள். அதே பஸ்ஸை ஓட்டும் மலேசிய டிரைவருக்கு ஒரு சம்பளம், எங்களுக்கு அதைவிடக் குறைவா என்று கேட்டார்கள். விடுதியின் மோசமான நிலையையும் சொன்னார்கள். 1986-க்குப் பிறகு சிங்கப்பூர் கண்ட முதல் வேலைநிறுத்தம் அது. சட்டவிரோதம் என்று கூறி 29 பேரை நாடு கடத்தினார்கள். ஐந்து பேரைச் சிறைக்கு அனுப்பினார்கள். நன்றி சொல்லலாம், நியாயக் கூலி கேட்டால் சிறை!

அடுத்த ஆண்டு டிசம்பர் 8-ம் தேதி லிட்டில் இந்தியாவில், தமிழகத்திலிருந்து போன 33 வயதுக் கட்டிடத் தொழிலாளி ஒருவர் பஸ்ஸில் அடிபட்டு மாண்டார். கலவரம் மூண்டது; ஐம்பதுக்கும் மேற்பட்ட தொழிலாளரைத் திருப்பி அனுப்பினார்கள். 2020-ல் கொரோனா வந்தபோது, நெருக்கியடித்து வாழும்படி விடப்பட்டிருந்த மூன்று லட்சத்துக்கு மேற்பட்ட விடுதித் தொழிலாளரில், டிசம்பருக்குள் பாதிக்குச் சற்றுக் குறைவானவர்களைத் தொற்று பிடித்திருந்தது. காரில் இடுப்புவார் கட்டாவிட்டால் அபராதம் போடும் அந்த நாட்டில், தொழிலாளரை லாரியின் பின்தட்டில் உட்கார வைத்து ஏற்றிச் செல்வதைச் சட்டம் அனுமதிக்கிறது. 2021 ஏப்ரலில் அப்படிப்பட்ட லாரி ஒன்று விபத்துக்குள்ளாகி இருவர் இறந்தனர். அதற்குப் பின்னும், 2023-ல், இதைத் தடை செய்ய இயலாது என்றே சர்க்கார் கூறியது. பஸ்ஸில் கிழவருக்கு இடம் கொடு என்று போதிக்கும் நகரம், அந்த நகரத்தைக் கட்டுகிறவனுக்கு ஓர் இருக்கை கொடுக்கவில்லை.

மலேசியாவின் கணக்கும் சுத்தமில்லை. வெளிநாட்டுத் தொழிலாளரின் தடுப்பு முகாம்களில் நடந்த கொடுமைகளை 1995-ல் அம்பலப்படுத்திய ஐரின் பெர்னாண்டஸ் மீது வழக்குத் தொடுத்தார்கள். 2003-ல் ஓராண்டுச் சிறைத் தண்டனை விதித்தார்கள். 2008-ல்தான் அவர் விடுதலை பெற்றார். கொடுமை செய்வது மரியாதைக் குறைவல்ல. அதை வெளியே சொல்வதுதான் மரியாதைக் குறைவு போலும்!

சிங்கப்பூரின் இன்னொரு ஏற்பாட்டையும் நம் ஊர்க் கனவான்கள் மெச்சுகிறார்கள். 1992 முதல், குப்பை போட்டுப் பிடிபட்டவரைப் பொது இடத்தில் பளிச்சென்ற சட்டை மாட்டிப் பெருக்க வைக்கும் தண்டனை அங்கே நடப்பில் இருக்கிறது. பத்துப் பேர் பார்க்கப் பெருக்குவது அவமானம் என்பதே இதன் தத்துவம். அப்படியானால், தினமும் விடியுமுன் எழுந்து அதே தெருவைப் பெருக்கும் தொழிலாளி என்ன குற்றம் செய்தான்? உழைப்பை இழிவென்று கற்பிக்கும் இடத்தில் ஒழுங்கு இருக்கலாம், மரியாதை இருக்காது. ‘அடியாத மாடு படியாது’ என்பது பண்ணையாரின் சித்தாந்தம். மாட்டுக்கு அது பொருந்துகிறதோ இல்லையோ, மனிதனுக்குப் பொருந்தாது.

மரியாதை என்ற சொல்லுக்கு இரண்டு அர்த்தங்கள் உண்டு. கீழே இருப்பவன் மேலே இருப்பவனுக்குச் செலுத்துவது ஒன்று. சமமானவர்கள் ஒருவருக்கொருவர் காட்டுவது மற்றொன்று. முதலாவது ஒழிந்தால்தான் இரண்டாவது பிறக்கும். இதற்கு அதே மலாயா மண்ணில் சரித்திரச் சான்று இருக்கிறது.

1941-ல் கிள்ளான் வட்டாரத்து ரப்பர் தோட்டங்களில் தமிழ்த் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தார்கள். கூலி உயர்வு கேட்டார்கள். வைத்திய வசதி கேட்டார்கள். பெண்களிடம் தவறாக நடப்பதை நிறுத்தச் சொன்னார்கள். அவற்றோடு இன்னொன்றும் கேட்டார்கள். துரையோ கிராணியோ எதிரே வந்தால் தொழிலாளி சைக்கிளிலிருந்து இறங்கி நிற்க வேண்டும் என்ற வழக்கம் ஒழிய வேண்டும் என்றார்கள். வெள்ளைக்காரன் பட்டாளத்தை அனுப்பினான். துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர் மாண்டனர். தலைவர் ஆர். எச். நாதனைக் கைது செய்து நாடு கடத்தினார்கள். எட்டு ஆண்டுகளுக்குப் பின், 1949 மே 4-ம் தேதி, அகில மலாயாத் தொழிற்சங்க சம்மேளனத்தின் தலைவராயிருந்த நம் தஞ்சை மண்ணின் மைந்தன் கணபதியைத் தூக்கிலிட்டார்கள். அதே தஞ்சையில் அந்தக் காலத்திலேதான் சவுக்கடிக்கும் சாணிப்பாலுக்கும் முடிவு கட்டச் செங்கொடியின் கீழ் விவசாயத் தொழிலாளர் திரண்டார்கள். சைக்கிளிலிருந்து இறங்க மாட்டேன் என்று சொன்னவனையும், தோளிலிருந்த துண்டை இடுப்பில் கட்ட மாட்டேன் என்று சொன்னவனையும், அன்றைய கனவான்கள் ‘மரியாதை தெரியாதவன்’ என்றுதான் ஏசினார்கள்.

தெருவில் துப்புவதையும் முண்டியடிப்பதையும் நாம் ஆதரிக்கவில்லை. பஸ்ஸில் பிள்ளைத்தாய்ச்சிக்கு எழுந்து இடம் தர எந்தச் சர்க்காரின் இயக்கமும் நமக்குத் தேவையில்லை. கண்டக்டரை ‘யோவ்’ என்று கூப்பிடுவதையும், ஓட்டலில் மேஜை துடைக்கும் முதியவரை ‘டேய்’ என்று விரட்டுவதையும் நாம் ஒவ்வொருவரும் நம் தெருவிலேயே கண்டிக்க வேண்டும். ஆனால் உபதேசம் செய்ய வருகிறவர்களிடம் சில கேள்விகளையும் கேட்க வேண்டும். பஸ் எத்தனை? கழிப்பறை எத்தனை? தெருவைப் பெருக்குகிறவருக்குக் கூலி எவ்வளவு?

2025 ஆகஸ்டில் சென்னை ரிப்பன் மாளிகையின் முன், தங்கள் வேலையைத் தனியாரிடம் ஒப்படைக்காதே என்று தூய்மைத் தொழிலாளர்கள் இரவு பகலாக அமர்ந்திருந்தார்கள். பெரும்பாலோர் பெண்கள். 13-ம் தேதி நள்ளிரவில் போலீஸ் அவர்களைக் கைது செய்து அப்புறப்படுத்தியது. நகரம் சுத்தமாக இல்லை, ஜனங்களுக்குப் பண்பு இல்லை என்று மறுநாளும் அதே வாய்கள் பேசியிருக்கும்!

அந்த வாய்களுக்கு நாம் சொல்லும் பதில் இதுதான்: நகரத்தைச் சுத்தமாக வைத்திருப்பவர்களுக்கு முதலில் நிரந்தர வேலை கொடுங்கள், நியாயக் கூலி கொடுங்கள், நேர் நின்று பேசுங்கள். மரியாதையின் முதல் பாடத்தை அங்கே தொடங்குவோம்.