பழுது பார்க்கும் கண்

உடைந்ததைச் சரிசெய்யும் செயலுக்குத் தமிழ் வைத்திருக்கும் பெயர் ‘பழுது பார்த்தல்’. பழுதை நீக்குவதற்கு முன் அதைப் பார்க்க வேண்டும். எங்கே, எதனால், எவ்வளவு என்று பார்த்த பிறகே கை நீள வேண்டும் என்னும் அறிவு அந்தச் சொல்லுக்குள்ளேயே இருக்கிறது. மோட்டார் வாகனங்களின் பிளாஸ்டிக் பாகங்கள் விஷயத்தில் நாம் இந்தப் பார்வையை இழந்து வருகிறோம் என்பது என் எண்ணம். பம்பரில் விரல் நீள விரிசல் கண்டால், ‘பிளாஸ்டிக்தானே, மாற்றிவிடலாம்’ என்கிறோம். அந்தத் ‘தானே’யில் ஒளிந்திருக்கும் அலட்சியத்தைப் பற்றியதே இக்கட்டுரை.

கள்ளக்குறிச்சியை எடுத்துக்கொள்வோம். 2019 நவம்பரில் விழுப்புரத்திலிருந்து பிரிந்து தனி மாவட்டத்தின் தலைநகரான ஊர். சேலத்தையும் உளுந்தூர்ப்பேட்டையையும் இணைக்கும் நெடுஞ்சாலை அவ்வழியே செல்கிறது. கச்சிராயபாளையத்தைத் தாண்டினால் கல்வராயன் மலையின் ஏற்றம் தொடங்கி, பாதை வெள்ளிமலைக்குப் போகிறது. கீழே கடும் வெயில். மேலே வளைவும் ஏற்றமும் மழையில் அரித்த சாலை ஓரமும். இரண்டுக்கும் நடுவே ஓடும் வண்டியில் முதலில் அடிபடுவது பிளாஸ்டிக்தான். வேகத்தடையிலும் வளைவின் ஓரக் கல்லிலும் பம்பரின் கீழ்விளிம்பு உரசிக் கிழிகிறது. பக்கக் கண்ணாடியின் கூடு உடைகிறது. வெயிலில் ஹெட்லைட் மஞ்சளித்து, இரவில் மலைப்பாதையைக் காட்ட வேண்டிய ஒளி பாதியாகிறது. இவ்வண்டிகளில் பல வாடகைக்கு ஓடுபவை, உரிமையாளரே ஓட்டுநர். அவருக்குப் பழுது என்பது அழகு சார்ந்த கவலை அல்ல. வண்டி நிற்கும் நாள், வருமானம் இல்லாத நாள்.

அம்பாசடர் காலத்தில் இந்தக் கவலைக்கு ஊருக்கு ஊர் விடை இருந்தது. குரோம் பூசிய இரும்புப் பம்பர் நெளிந்தால் டிங்கர் பட்டறையில் தட்டி நிமிர்த்துவார்கள். பட்டி வைத்துத் தேய்த்துச் சாயம் அடிப்பார்கள். அம்பாசடரின் உற்பத்தி 2014இல் நின்றது. அதற்கு வெகுமுன்பே பம்பர் பிளாஸ்டிக்காகிவிட்டது. சுத்தியலை நம்பிய அறிவு புதிய பொருளின் முன் திகைத்தது. இரும்புக்குப் போடும் அதே பட்டியைப் பிளாஸ்டிக்கிலும் போட்டார்கள். வளையும் பொருளின் மேல் வளையாத பட்டி வெடித்து உதிர்ந்தது. ‘பிளாஸ்டிக்கில் வேலை நிற்காது’ என்ற பேச்சு அப்படித்தான் பரவியது. நிற்காமல் போனது வேலை அன்று. அந்தப் பொருளுக்கு உரிய முறை கைக்கொள்ளப்படாததே காரணம்.

இத்தனைக்கும் பிளாஸ்டிக்கை ஒட்டும் கலை தமிழ்நாட்டுக்குப் புதிதன்று. பித்தளைப் பாத்திரத்துக்கு ஈயம் பூச வந்தவரைப் போலவே, பிளாஸ்டிக் குடம் ஒட்டுபவரும் தெருத் தெருவாக வந்தார். நெருப்பில் காய்ச்சிய இரும்பால் விரிசலின் இரு கரைகளையும் உருக்கி, பழைய குடத்திலிருந்து வெட்டிய துண்டை அதன் மேல் இழைத்துவிடுவார். அவர் பசையைத் தேடவில்லை. குடத்துக்குக் குடத்தின் துண்டையே மருந்தாக்கினார். இன்று உலகமெங்கும் பம்பர் பற்றவைப்போர் பின்பற்றும் முதல் விதியும் அதுவே: ஒரு பிளாஸ்டிக்கோடு அதே பிளாஸ்டிக்தான் சேரும்.

அது எந்தப் பிளாஸ்டிக் என்பதை அந்தப் பாகமே பெரும்பாலும் சொல்லிவிடும். பம்பரைக் கழற்றித் திருப்பினால் உட்புறத்தில் சிறு எழுத்துகள் அச்சாகியிருக்கும். பி.பி., ஈ.பி.டி.எம். என்றிருந்தால் அது பாலிபுரொப்பிலீனும் ரப்பர் தன்மையுள்ள பொருளும் கலந்தது. இன்றைய பம்பர்களில் மிகுதியானவை இவ்வகையே. ஏ.பி.எஸ். என்றிருந்தால் முன்புறக் கிரில்லிலும் கண்ணாடிக் கூட்டிலும் காணப்படும் கெட்டியான வகை. ஏ.பி.எஸ். கரைப்பானில் இளகிப் பசைக்கு இணங்கும். பாலிபுரொப்பிலீனோ சாதாரணப் பசை எதையும் ஏற்காது. ஆகவே அந்த எழுத்துகளைப் படிப்பதே இத்தொழிலில் பழுது ‘பார்ப்பது’.

அதன் பின் வேலை பொறுமையைக் கேட்கும். முதலில் சோப்பு நீரால் கழுவி, பிறகு கரைப்பானால் எண்ணெய்ப் பசையை நீக்க வேண்டும். முறை மாறினால் அழுக்கு உள்ளே இறங்கும். விரிசல் மேலும் ஓடாதபடி அதன் முனையில் சிறு துளை இட வேண்டும். விரிசலைச் சாய்வாகச் செதுக்கிப் பள்ளமாக்கி, அதே வகைப் பிளாஸ்டிக் குச்சியை வெப்பக் காற்றாலோ சூடான முனையாலோ உருக்கி நிரப்ப வேண்டும். உட்புறத்தில் மெல்லிய எவர்சில்வர் வலையைப் பதித்தால் இணைப்பு உறுதிப்படும். சூடு குறைந்தால் ஒட்டாது. மிகுந்தால் பொருள் கருகி உயிர் போய்விடும். மேலே வளையக்கூடிய பட்டி, தாளால் தேய்ப்பு, பிளாஸ்டிக்குக்கென்றே உள்ள பிடிமானப் பூச்சு, பிறகே வண்ணமும் மினுக்கும். அந்தப் பிடிமானப் பூச்சைத் தவிர்த்தவரின் சாயம், வண்டியைத் தண்ணீர் பீய்ச்சிக் கழுவும் முதல் நாளிலேயே ஏடு ஏடாக உரியும்.

ஹெட்லைட்டும் அப்படியே. அதன் முகப்பு பாலிகார்பனேட். வெயிலைத் தாங்க ஆலையில் ஒரு காப்புப் பூச்சு இட்டிருப்பார்கள். மஞ்சளிப்பது பெரும்பாலும் அப்பூச்சும் அதன் கீழுள்ள மெல்லிய அடுக்குமே. பற்பசையால் தேய்த்தால் சில வாரம் பளபளக்கும். 800 எண் தாளில் தொடங்கி 3000 எண் வரை நீர்விட்டுத் தேய்த்து, மெருகேற்றி, புற ஊதாக் கதிரைத் தடுக்கும் புதிய பூச்சை இட்டால்தான் அது பழுது பார்த்தலாகும். கடைசிப் படியைக் கைவிட்டால் சில மாதங்களில் மஞ்சள் திரும்பிவிடும்.

இவ்வளவும் சாத்தியம் என்றால், ஏன் மாற்றுகிறோம்? விடையின் ஒரு பகுதி காப்பீட்டு அட்டவணையில் இருக்கிறது. நம் நாட்டின் வழக்கமான வாகனக் காப்பீட்டில் மாற்றப்படும் பிளாஸ்டிக், ரப்பர், நைலான் பாகங்களுக்கு 50 விழுக்காடு தேய்மானம் கழிக்கப்படும். வண்டி வாங்கிய முதல் மாதமானாலும் அதே கழிவு. உலோகப் பாகத்துக்கோ முதல் 6 மாதம் தேய்மானம் இல்லை. பிறகு படிப்படியாக ஏறி, 10 ஆண்டு கடந்த பின்பே 50 விழுக்காட்டை எட்டும். துருப்பிடிக்கும் இரும்புக்குப் பத்தாண்டு மரியாதை; துருவே பிடிக்காத பிளாஸ்டிக் பிறந்த அன்றே பாதிக் கிழவன்.

கணக்குக்காகப் புதுப் பம்பரின் விலை 8,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். தேய்மானம் 4,000, 1,500 சி.சி.க்கு உட்பட்ட காருக்குக் கட்டாயக் கழிவு 1,000. ஆக 5,000 ரூபாய் உரிமையாளர் கையிலிருந்தே போகும். இழப்பீடு கோராதவருக்கு 20 விழுக்காட்டில் தொடங்கி 50 விழுக்காடு வரை கிடைக்கும் பிரீமியச் சலுகையும் பறிபோகும். தேய்மானக் கழிவோ மாற்றும் பாகத்தின் விலைக்கு உரியது, தொழிலாளியின் கூலிக்கு அன்று. பழுது பார்ப்பதன் செலவில் பெரும்பகுதி கூலி என்பதை எண்ணிப் பாருங்கள். கணக்கு பட்டறைப் பக்கமே சாய்கிறது. இதை உரிமையாளரிடம் எடுத்துச் சொல்பவர் அரிது. தேய்மானமே கழிக்காத ‘ஜீரோ டெப்’ பாலிசி வைத்திருப்பவருக்கோ பழுது பார்க்கத் தூண்டுதலே இல்லை. புதியது இலவசம்போல் தோன்றும். அதன் விலை எல்லோருடைய பிரீமியத்திலும் ஏறிக்கொள்ளும்.

உதிரிபாகம் எப்போதும் கிடைக்கும் என்ற நம்பிக்கையும் நிரந்தரமன்று. செவ்ரோலே கார்களின் இந்திய விற்பனை 2017இல் முடிந்தது. மறைமலை நகரில் கார் செய்த ஃபோர்டு, இந்திய உற்பத்தியை நிறுத்துவதாக 2021இல் அறிவித்தது; 2022இல் அங்கே உற்பத்தி நின்றது. கம்பெனி போனாலும் கார்கள் நம் சாலைகளில் இருக்கின்றன. உதிரிபாகச் சந்தை தடையின்றித் திறந்திருக்கவில்லை என்று 14 கார் நிறுவனங்களுக்கு இந்தியப் போட்டி ஆணையம் 2014இல் 2,500 கோடி ரூபாய்க்கு மேல் அபராதம் விதித்தது. வழக்கு மேல்முறையீட்டுக்குப் போனது. 2022இல் மத்திய அரசு ‘பழுதுபார்க்கும் உரிமை’க்காக அமைத்த குழு, தன் நான்கு துறைகளுள் ஒன்றாக வாகனங்களையும் வைத்தது. உரிமை வந்தால் போதுமா? பழுது பார்க்கும் கை வேண்டாமா?

தூக்கியெறிவதன் மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். ஆயுள் முடிந்த வாகனங்களுக்கான மத்திய அரசின் விதிகள் 2025 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்துள்ளன. அவ்விதிகள் உற்பத்தியாளருக்கு விதிக்கும் மீட்பு இலக்கு எஃகின் எடையைக் கொண்டு கணக்கிடப்படுகிறது. சாயமும் பட்டியும் படிந்த பம்பருக்கு அந்த மதிப்பு இல்லை. மறுசுழற்சி செய்பவரும் சாயத்தை நீக்கும் செலவுக்கு அஞ்சுகிறார். அதை வீணாக்காமல் இருக்க முதல் வழி, இருக்கும் இடத்திலேயே இன்னும் சில ஆண்டு வாழவிடுவது.

இதற்கு எல்லைகள் உண்டு. அவற்றை மறைப்பது நேர்மையாகாது. பம்பரின் வெளி ஓடு மோதலைத் தாங்கும் உறுப்பன்று. அதற்குப் பின்னால் உள்ள உலோகச் சட்டமும் அதிர்வுத் தாங்கியுமே தாங்குபவை. ஆகவே ஓட்டை ஒட்டலாம். சட்டம் நெளிந்திருந்தால் ஓட்டின் பளபளப்பால் அதை மூடுவது குற்றம். எரிபொருள் தொட்டி, காற்றுப்பை விரியும் மூடி, ரேடியேட்டரின் பிளாஸ்டிக் தலை ஆகியவற்றை மாற்றுவதே முறை. புதிய கார்கள் சிலவற்றில் பம்பருக்குப் பின்னே ரேடார் உணரிகள் இருக்கின்றன. அவற்றின் முன் பட்டியும் தடித்த சாயமும் பூசினால் உணரி தவறாகப் பார்க்கும். எதை ஒட்டக் கூடாது என்று அறிந்தவரே இத்தொழிலில் தேர்ந்தவர்.

இன்னொரு எல்லை, தொழிலாளியின் நுரையீரல். கடினமாக்கி கலந்து தெளிக்கும் சாயங்களில் உள்ள ஐசோசயனேட் ஆஸ்துமாவை உண்டாக்கும். மூக்கில் சுற்றிய துண்டு அதைத் தடுக்காது. தக்க முகமூடியும் காற்றோட்டமும் இல்லாத பட்டறையின் மலிவு விலையை நாம் புகழ முடியாது. நாம் மிச்சப்படுத்தும் பணத்தை அவர் மூச்சால் கட்டுகிறார்.

செய்யக்கூடியவை பெரிய காரியங்கள் அல்ல. கிண்டியில் 1968 முதல் பிளாஸ்டிக் தொழில்நுட்பத்துக்கென்றே மத்திய அரசின் சிப்பெட் நிறுவனம் இருக்கிறது. தொழிற்பயிற்சி நிலையங்களுக்கான பாடத்திட்டத்தில் வாகன உடல் பழுதுபார்ப்பும் சாயப் பூச்சும் தனிப் பிரிவுகளாக உள்ளன. இவ்விரண்டையும் இணைத்து, ஏற்கெனவே தொழிலில் இருக்கும் டிங்கருக்கும் பெயிண்டருக்கும் ஒரு மாதக் குறுகியகாலப் பயிற்சியும் சான்றிதழும் மாவட்டத் தலைநகரிலேயே அளிக்கலாம். அச்சான்றிதழை ஏற்றுக் காப்பீட்டு நிறுவனங்கள் பிளாஸ்டிக் பற்றவைப்புக்குத் தனிக் கூலி விகிதம் வகுக்கலாம். பிரான்சில் 2017 முதல், பயன்படுத்திய பாகத்தைக் கொண்டு சரிசெய்யும் வாய்ப்பைப் பணிமனைகள் வாடிக்கையாளருக்குச் சொல்லியாக வேண்டும். அதுபோல இங்கே, மாற்றும் செலவுக்குப் பக்கத்தில் பழுது பார்க்கும் செலவையும் எழுதிக் காட்ட வேண்டும் என்ற ஒரு விதி போதும்.

கள்ளக்குறிச்சியின் மரச்சிற்பம் 2021இல் புவிசார் குறியீடு பெற்றது. மரத்தின் இழை ஓடும் திசையறிந்து உளியை வைக்கும் கைக்கு நாம் கொடுத்த மரியாதை அது, நியாயமானது. உட்புறத்து எழுத்தைப் படித்து, சூட்டின் அளவறிந்து, விரிசலின் முனையில் முதல் துளையை இடும் கைக்கும் அதே வகை அறிவுதான் வேண்டியிருக்கிறது. அதற்கு விருதோ குறியீடோ வேண்டாம். பம்பர் உடைந்த அன்று ‘மாற்றிவிடலாம்’ என்று சொல்வதற்கு முன், கழற்றித் திருப்பிப் பார்க்கச் சொன்னால் போதும்.